பீச்சுக்குப் போனோம்... அரியலூரில்!

"சித்தி, உங்க ஊர் பீச் எந்தப் பக்கம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணி. பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்திருந்த என்னிடம் அக்கா மகன் கேட்ட முதல் கேள்வி இது. வயது 7. திருவான்மியூர்க்காரன். அவனைப் பொறுத்தவரை ஊர் என்று இருந்தால் ஒரு பக்கம் கடல் இருந்தே ஆக வேண்டும். லீவுக்குத் தாத்தா வீட்டுக்கு வந்து நாலு நாளாகியும் யாரும் பீச்சைக் காட்டவில்லையே என்று அவனுக்கு வருத்தம்.

"இங்க பீச் இல்லடா தங்கம்."

"அப்ப சண்டே என்னதான் பண்ணுவீங்க?"

நியாயமான கேள்விதான். நாங்கள் என்ன பண்ணுவோம் என்பதை அம்மா அதற்குள் செய்துகாட்ட ஆரம்பித்திருந்தார். வாசல் தெளித்தாயிற்று. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம், உரிப்பதற்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்தைக் கணக்குப் பார்த்து வாங்குவதும் கிடையாது, கணக்குப் பார்த்து உரிப்பதும் கிடையாது.

சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் ஷிஃப்ட் பார்க்கிறவளுக்கு ஊருக்கு வந்தால் ஒரு மிதப்பு வரும். "அம்மாவுக்கு ஹெல்ப் பண்றேன்" என்று வெங்காயத்தோடு ஒரு செல்ஃபி எடுத்தேன். அம்மா திரும்பிப் பார்த்தார். "ஹெல்ப் என்னடி ஹெல்ப்பு? நீயும்தான சாப்பிடப் போற?" செல்ஃபியை டெலீட் செய்துவிட்டேன்.

வெங்காயம், சாம்பார், துணி, மாடியில் காயப்போட்ட மிளகாயைக் கிளறிவிடுவது என்று பத்தரை மணி ஆனது. கடைசியாக வந்தது வெந்நீர்க் குண்டான். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இந்தக் குண்டானைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே வெள்ளையாக, சொரசொரவென்று, ஒரு ரூபாய் நாணயம் கனத்துக்கு உப்பு படிந்திருக்கும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் கை வலிக்குமே தவிர, அது அசையாது. அம்மாவின் வழி வேறு. பிழிந்த எலுமிச்சைத் தோலைப் போட்டு, ஒரு டம்ளர் வினிகரை ஊற்றினார்.

'சுர்ர்ர்' என்று நுரைத்தது.

"சோடா!" என்று கத்தினான் பொடியன்.

எனக்குச் சட்டென்று வேறு ஒன்று ஞாபகம் வந்தது. பாறைகளை ஆராயப் போகும் புவியியல்காரர்கள் பையில் ஒரு சின்ன பாட்டில் வைத்திருப்பார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். சந்தேகப்பட்ட கல்லின் மேல் ஒரு சொட்டு விடுவார்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். அம்மா எங்கள் சமையலறையில் வாரா வாரம் செய்துகொண்டிருப்பது அதே சோதனைதான். 'உப்பு' என்று நாம் சொல்லும் அந்த வெள்ளைப் படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். பூமிக்குள் சுண்ணாம்புக்கல்லின் ஊடே இறங்கும் தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. நாம் காய்ச்சும்போது கரைந்தது மறுபடி கல்லாகிக் குண்டானில் ஒட்டிக்கொள்கிறது.

சரி, அரியலூரில் பூமிக்குள் அவ்வளவு சுண்ணாம்புக்கல் எப்படி வந்தது? சிப்பிகளும் கிளிஞ்சல்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகளும் கடலடியில் படிந்து, அழுந்தி, இறுகித்தான். அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் உள்ளங்கை அகலச் சிப்பிகள் முழுசாகவே இருக்கும்.

ஆக, அம்மா தேய்த்துச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தது கடலை.

"டேய், நம்ம ஊர்லயும் பீச் இருக்குடா" என்றேன். "தண்ணிதான் கொஞ்சம் வத்திப்போச்சு."

"எப்போ?"

"ஒரு ஆறு கோடி வருஷம் இருக்கும்."

அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். அம்மா குண்டானை என்னிடம் தள்ளினார். "கதை அப்புறம். இத முதல்ல தேய்."

பீச் என்றால் சுண்டல் வேண்டும் என்று பொடியன் ஒற்றைக் காலில் நின்றான். வீட்டில் காய்ந்த பட்டாணி இருந்தது. குக்கரில் வைத்து, சோடா உப்பு ஒரு சிட்டிகை சேர்த்து, தேங்காயும் மாங்காயும் போட்டுத் தாளித்துத் தந்தார் அம்மா. மெரினா சுண்டலைவிடப் பிரமாதமாகவே இருந்தது. சாயங்காலம் மூன்றரைக்குத் தெரிந்த அண்ணனின் ஆட்டோவில் கிளம்பினோம். நான், பொடியன், "அங்க என்ன இருக்கு, வெறும் மேடுதான" என்று சொல்லிக்கொண்டே புடவை மாற்றிக்கொண்டு வந்த அம்மா. போகும் இடம் காரை. பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம்.

வழியெல்லாம் லாரிகள். அரியலூர்ப் பக்கம் ஒருமுறை வந்தவர்களுக்குக்கூட இது தெரியும். சுண்ணாம்புக்கல் ஏற்றியது போகும், சிமென்ட் ஏற்றியது வரும். அரசு சிமென்ட் ஆலை இங்கே 1979-ல் வந்தது. அதன் பிறகு தனியார் ஆலைகள் வரிசை கட்டின. ஒரு டன் சிமென்ட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். அரைக்கும்போது, சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்கக் கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் எங்கோ ஓர் அபார்ட்மென்ட்டின் பத்தாவது மாடியில் உட்கார்ந்து இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் சுவரில் எங்கள் ஊர்க் கடல் கொஞ்சம் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

இந்த ஆலைகளைத் திட்டி எழுதுவது சுலபம். ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது. லாரி போன பிறகு வாசலில் படியும் வெள்ளைத் தூசியைக் கூட்டுவதும் அதே வீட்டுப் பெண்கள்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கதைக்கு வருவோம். இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நிலமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அது உடைந்து விலகியபோது நம் கிழக்குக் கரை தாழ்ந்து, கடல் உள்ளே வந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, கடல் இந்தப் பகுதிக்குள் வருவதும் பின்வாங்குவதுமாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு அடுக்கை விட்டுச் சென்றது. உலகம் முழுக்கப் புவியியல் படிக்கிறவர்களுக்கு 'அரியலூர்' என்பது ஊர்ப் பெயர் மட்டுமல்ல. அந்தப் பாறை அடுக்குகளில் ஒரு தொகுதிக்கே அந்தப் பெயர்தான். இன்னொன்றுக்கு ஊட்டத்தூர், மற்றொன்றுக்குத் திருச்சிராப்பள்ளி.

வெள்ளைக்காரர்கள் இதை 1840-களிலேயே கண்டுகொண்டார்கள். பிளான்ஃபோர்டு என்பவர் ஊர் ஊராகச் சுற்றி வரைபடம் போட்டார். 1862-ல் அவருடைய அறிக்கை வந்தது. அதன் பிறகு ஸ்டோலிச்கா என்று ஒருவர், இன்றைய செக் நாட்டில் பிறந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, இங்கிருந்து போன சிப்பி, சங்கு, கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாக விவரித்துத் தடித்தடியான புத்தகங்களாக எழுதி முடித்தார். 1874-ல் லடாக் பயணத்தில் இறந்தபோது அவருக்கு வயது 36. எங்கோ பிறந்த மனிதர் நம் சிப்பிகளை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். இங்கேயே பிறந்த நான், பத்தாம் வகுப்பு வரை காரைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

காரையில் ஆட்டோ நின்றது. பொடியன் இறங்கினான். பார்த்தான். முகம் சுருங்கியது.

"சித்தி, தண்ணியே இல்ல!"

அவனைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் மரம் இல்லை. பழுப்பும் மஞ்சளுமாக மேடுகள், மழை அறுத்த வாய்க்கால்கள். ஏதோ வேற்றுக்கிரகப் படத்துக்கு செட் போட்டது மாதிரி இருந்தது. வெயில் சாய்ந்ததும் மண்ணுக்குள் அங்கங்கே கண்ணாடித் துண்டு போலப் பளிச் பளிச்சென்றது. அது ஜிப்சம். ஆலையில் சிமென்ட்டோடு சேர்ப்பார்கள் என்றேனே, அதேதான். களிமண்ணின் வெடிப்புகளில் வெள்ளைக் கோடு கோடாக ஓடுகிறது.

"கீழ பாத்து நட" என்றேன். பீச்சில் நாம் எப்படி நடப்போமோ அப்படித்தான். தலையைக் குனிந்துகொண்டு, கிளிஞ்சல் தேடிக்கொண்டு.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "சித்தி, புல்லட்!"

விரல் நீளத்தில் ஒரு பழுப்புக் கல். ஒரு முனை கூர்மை. துப்பாக்கித் தோட்டா என்றே சொல்லலாம். பெலம்னைட். கணவாய்க்குச் சொந்தக்கார உயிரினம். மீன் வெட்டும்போது கணவாய்க்குள் வெள்ளையாக ஒரு ஓடு இருக்குமே, கிளிக்குக்கூடக் கூண்டில் வைப்பார்களே, அது மாதிரி இதற்குள் இருந்த கெட்டியான பகுதி இது. உடம்பு மக்கிப்போய்விட்டது, இது மட்டும் மிச்சம். 9, 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடத்தில் கூட்டம் கூட்டமாக நீந்தியவை.

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணவாயா இது? சுத்தம் பண்ண எவ்ளோ நேரம் ஆகியிருக்கும்!" என்றார். அம்மாவின் கவலை அம்மாவுக்கு.

கொஞ்ச தூரத்தில் மண்ணில் பாதி புதைந்து இன்னொன்று இருந்தது. சுருள் சுருளாக, வரிவரியாக. அம்மோனைட். இதை நம்மில் பலர் வேறு பெயரில் கும்பிட்டிருக்கிறோம். நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமம் இதே வகை உயிரினத்தின் படிவம்தான். டைனோசர்களோடு சேர்ந்து இந்தக் கூட்டமும் உலகத்தை விட்டே போய்விட்டது.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சொல்லிக் கொடுத்துச் செய்ததில்லை, அவராகவே. அந்த மேட்டின் மேல் உட்கார்ந்துதான் சுண்டலைச் சாப்பிட்டோம். காற்று நன்றாக அடித்தது. கண்ணை மூடிக்கொண்டால் பீச்தான் என்று பொடியன் தீர்ப்புச் சொன்னான்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்றான். அவனுக்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆறாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்ச் தோழி ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு குட்டி அம்மோனைட் வைத்திருந்தாள். இரண்டு சென்ட் ரப்பர் கொடுத்து அதை வாங்கினேன். ஜாமெட்ரி பாக்ஸில் மூன்று வருஷம் வைத்திருந்தேன். வீடு மாறியபோது தொலைந்துபோனது. அன்று அழுதது கல் போனதற்காக. இப்போது வருத்தம் வேறு. அந்தக் கல் எந்த ஊரில், எந்த மேட்டில், எந்த அடுக்கில் கிடந்தது என்று தோழிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த விலாசம் இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது வெறும் அழகான கல். மண்ணிலிருந்து எடுத்த நிமிஷமே பாதிக் கதை அழிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பும் எங்கள் மாவட்டத்தில் நடந்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் கல்லமேடு கிராமத்தில், கடல் பின்வாங்கிய பிறகு ஆற்று மண் படிந்த அடுக்கில், ராட்சத எலும்புகள் சில கிடைத்தன. முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் 1987-ல் அதற்கு 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். உலகில் இதுவரை நடமாடிய மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த எலும்புகள் இப்போது இல்லை. மழையும் ஈரமும் பட்டுப் பொடிந்த எலும்புகள், நொறுங்கியே போய்விட்டன. மிஞ்சியவை படங்களும் அளவுகளும்தான். எந்த மியூசியத்திலும் போய்ப் பார்க்க முடியாது.

இன்னொரு பக்கம், இல்லாத டைனோசரை நாம் கொண்டாடியதும் உண்டு. 2020 அக்டோபரில் குன்னத்தில் ஒரு நீர்நிலையைத் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. "பெரம்பலூரில் டைனோசர் முட்டை" என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. பார்க்கக் கூட்டம் திரண்டது. முட்டை இல்லை, அம்மோனைட்டும் கடற்படிவ உருண்டைகளும்தான் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். முட்டை ஓடிய வேகத்தில் விளக்கம் ஓடவில்லை. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

காப்பாற்ற முடியாதது ஒன்றும் இல்லை. காரையிலிருந்து அதிக தூரம் இல்லை சாத்தனூர். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் அங்கே கல்லாகிப்போன ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார். பிற்பாடு அந்தத் துறைக்கே இயக்குநரான முதல் இந்தியர் அவர். மரத்தின் நீளம் 18 மீட்டர். 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்கிறது ஆய்வுத் துறை. கடலுக்குள் அடித்துவரப்பட்டு, புதைந்து, இழை இழையாகக் கல்லானது. தேசியச் சின்னமாக அறிவித்து, வேலி போட்டார்கள். அதனால்தான் எங்கள் மாவட்டப் பள்ளிக்கூடங்களுக்கு இன்றும் டூர் போக ஒரு கல்மரம் இருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. காரை அப்படியல்ல, திறந்தவெளி. ஒவ்வொரு மழையும் புதிதாக நாலு சிப்பியை வெளியே தள்ளும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துப் போவார்கள். இப்படிப்பட்ட இடங்களைப் பாதுகாக்க 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு சட்ட வரைவைக் கருத்துக் கேட்க வெளியிட்டது.

இதையெல்லாம் ஏழு வயதுக்குத் தக்கபடி சுருக்கிச் சொன்னேன். பொடியன் தலையை ஆட்டினான். புல்லட்டை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். வைத்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது இருட்டிவிட்டது. எதிரே லாரிகளின் வெளிச்சம் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். கடைசியாக எப்போது சாயங்காலத்தில் வெளியே போனாய் என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை, பஸ் ஏறும் முன் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை துணி நனைப்பது. நனைக்கும் முன் பாக்கெட்டைத் துழாவ வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அப்பா சட்டையில் ஒரு பத்து ரூபாய். பொடியனின் டிரவுசரில் மூன்று பட்டாணி, கொஞ்சம் மண், அதற்குள் விரல் நீளத்தில் ஒரு பழுப்புக் கல்.

கூப்பிட்டுக் கேட்டேன். "அது வேற புல்லட் சித்தி. நீ சொன்னத அங்கயே வெச்சுட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு ரப்பர் குடுத்து வாங்குனவதான நீ? புள்ளயத் திட்டாத."

கல் இப்போது எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்த மேட்டில் எடுத்தான் என்று பொடியனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாட்டி நின்ற மேட்டுக்கு இடப்பக்கம். லீவு முடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கு ஆட்டோ அண்ணனிடம் சொல்லியாயிற்று. பட்டாணி வாங்கி வைத்துவிடுவதாக அம்மா போனில் சொன்னார்.